ஒரு வீட்டுக்கு இரண்டு பாஸ்

1. எங்களுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்தது.
2. அத்திவாரம் வெட்டிக் கருங்கல் கட்டினோம்.
3. நல்ல நேரம் பார்த்து வாசல் நிலை வைத்தோம். வைத்தவர் எங்கள் தோட்டத்தின் கீழ் லயத்தில் இருக்கும் மேசன் பாஸ் (கொத்தனாரை இங்கே பாஸ் என்போம்).
4. இரண்டு அறைகளின் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது, ஆற்றோரத்தில் கொழும்பு முதலாளி ஒருவர் கட்டும் சுற்றுலா விடுதிகளுக்குக் கூடுதல் சம்பளத்தில் ஆள் எடுத்தார்கள். பாஸ் அங்கே போய்விட்டார்.
5. அந்த விடுதிகளின் வரிச்சலுகைக்குச் செலவுக் கணக்கைப் பிரித்துக் கொடுத்தவள் நான்.
6. ருவான்வெல்லையிலிருந்து வேறொரு பாஸைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் திரும்பிப் போனார்.
7. அப்பாவும் நானும் வெத்தலை வாங்கிக்கொண்டு முதல் பாஸைப் பார்க்கப் போனோம்.
8. மழை வந்தது.

அலுவலகத்தில் எதையும் இப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே கேட்டார்.

“ஒன்னு ரெண்டுன்னு போட்டா எல்லாம் தானா நடந்த மாதிரில்ல இருக்கு. நான் பட்ட பாடு எத்தனாவது?”

அம்மாவின் பாடு எந்த இலக்கத்திலும் இல்லை. ஆகவே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா இன்னும் பால் வெட்டப் போகிறார். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் ஓய்வாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக உள்ள எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தான மேடு. பெரிய மழைக்கு மண் சரியக்கூடிய இடம் என்று அதை ஆராய்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மழை இறுகினால் கிராம சேவகரிடமிருந்து செய்தி வரும். உடனே லயத்தை விட்டு எல்லோரும் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரிப்போம். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு குழாய். சமைப்பதற்கு ஒரு தகரக் கொட்டகை. நாட்கணக்கில் அப்படி இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், லயம் அப்படியே நிற்கும். அடுத்த மழைக்கு மறுபடியும் போவோம்.

கடைசியாகப் போய் வந்த அன்று, ஈரத் துணிகளைக் கொடியில் போட்டபடியே அம்மா தீர்ப்புச் சொன்னார்.

“அடுத்த மழைக்கு நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன். காணி கெடைச்சிருச்சுல்ல. கூரை மட்டும் போட்டுக் குடுங்க. செவரு இல்லாட்டியும் பரவாயில்ல.”

“செவரு இல்லாம கூரை எதுல நிக்கும்?” என்றார் அப்பா.

“அது ஒங்க மகளுக்குத் தெரியும். படிக்க வச்சோம்ல.”

தோட்டத் தொழிலாளர்களுக்கு அரசாங்கம் பிரித்துக் கொடுத்ததில் எங்களுக்குக் கிடைத்த காணி பழைய ரப்பர் ஸ்டோருக்கு மேலே, சமதரையான பக்கத்தில் இருக்கிறது. அங்கே மண் சரியாது. ஆகவே விஷயம் எளிமையானது. அடுத்த பெரிய மழைக்கு முன்னால் அந்த இடத்தில் அம்மாவுக்கு ஒரு கூரை வேண்டும். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடச் செலவைக் கணக்கிடப் படித்தவள். அவிசாவளையில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. எங்கள் வீட்டுக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சீமெந்து, எவ்வளவு கம்பி என்று எல்லாம் போட்டு, வங்கிக் கடனும் எடுத்து, மழைக்கு நிறைய நாள் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினேன். என் கணக்கில் குறை இருக்கவில்லை. பாஸ் போவார் என்பதுதான் அதில் இருக்கவில்லை.

அவர் ஓடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்து, வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கண்ணே. ஆத்தோரத்துல பெரிய வேல. பகல் சாப்பாடு, போக வர வேன், எல்லாம் குடுக்குறாங்க. சம்பளமும் இங்க மாதிரி இல்ல.”

“எவ்வளவு நாளு?” என்றார் அப்பா.

“கொஞ்ச நாளுதான்.”

போகும்போது தன் தூக்குக்குண்டை எங்கள் வாசல் நிலையில் மாட்டிவிட்டுப் போனார். மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அந்த ஆற்றோர வேலை எனக்குத் தெரிந்ததுதான். அதன் கணக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. விடுதிகளைக் கட்டும் முதலாளி வேறு தொழில் செய்து நன்றாகச் சம்பாதிப்பவர். இந்த முதலீட்டுக்கு வரியில் கழிவு கேட்கிறார். அதற்குச் செலவையெல்லாம் ஒரே தொகையாகக் கொடுத்தால் போதாது, பிரித்துக் கொடுக்க வேண்டும். சுவர், கூரை, தரை போன்றவை கட்டடம். அவற்றுக்குக் கழிவு மெதுவாக, பல வருடங்களில் கிடைக்கும். தண்ணீர் மோட்டார், குளிரூட்டி, சமையலறை இயந்திரங்கள், கட்டில், மேசை போன்றவற்றுக்குச் சீக்கிரம் கிடைக்கும். எது எந்தப் பக்கம் என்று பிரிப்பது என் வேலை. நேர்மையாகத்தான் பிரித்தேன், எனக்கு அந்த வேலை பிடிக்கும். சுவருக்குள் பதித்த குழாய் எந்தப் பக்கம், வெளியே ஓடும் குழாய் எந்தப் பக்கம் என்று ஒரு பகல் முழுவதும் யோசித்திருக்கிறேன். மேசன்மாரின் கூலியும் கட்டடப் பக்கத்தில்தான் போகும். அந்த நிரலில்தான் எங்கள் பாஸும் இருந்தார், பெயரில்லாமல்.

அப்பாவுக்கு இதை விளக்க முயன்றேன். அவர் ஒரு பலாப்பழத்தை அரிந்துகொண்டிருந்தார்.

“அப்ப அந்த மொதலாளிக்குச் செலவு கூடினா?”

“வரி கொறையும்ப்பா.”

“நமக்குச் செலவு கூடினா?”

“கடன் கூடும்.”

“சரி, இந்தச் சொளையச் சாப்பிடு” என்றார்.

சீமெந்துக் கடைச் சிட்டையை அன்று நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். எங்கள் மூட்டைகளின் விலையிலும் வரி இருந்தது. முதலாளிக்கு அது செலவு, செலவு ஒரு நாள் கழிவாகத் திரும்பி வரும். எங்கள் சீமெந்தில் அம்மா படுக்கப் போகிறார், அவ்வளவுதான். சட்டம் அப்படித்தான். தொழிலுக்குக் கட்டுவது வேறு, குடியிருக்கக் கட்டுவது வேறு. எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு பக்கம் கூலி ஏறினால் மறுபக்கம் ஏன் சுவர் நிற்கிறது என்பது அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதே பாஸ், அதே கரண்டி. அவருடைய ஒரு நாளை இரண்டு பேர் கேட்கிறோம். ஒருவருக்கு அந்த நாளின் செலவில் ஒரு பங்கு திரும்பி வருகிறது.

நான் செய்யக்கூடியது வேறு ஆள் தேடுவது. ருவான்வெல்லை கடைத்தெருவில் ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒரு சிங்கள பாஸைச் சொன்னார். தொலைபேசியில் பேசினேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, படத்தையும் அளவுகளையும் அனுப்பினேன். எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

புதிய பாஸ் காலையில் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல், நெற்றியில் கண்ணாடி. அம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்துக்கொண்டே சுவரைச் சுற்றி நடந்தார். வாசலுக்கு வந்ததும் நின்றார். நிலையின் உச்சியில் நாங்கள் கட்டிய மஞ்சள் துணியும் காய்ந்த மாவிலையும் இருந்தன. பக்கத்தில் தூக்குக்குண்டு தொங்கியது.

“மே உளுவஸ்ஸ திப்பே கவுத?” என்று கேட்டார். இந்த நிலையை வைத்தது யார்?

அப்பா சொன்னார்.

“அவரு இந்த வேலைய விட்டுட்டாரா?” இதுவும் சிங்களத்தில்தான்.

“வேற எடத்துக்குப் போயிட்டாரு” என்றேன் நான்.

“அது இல்ல தங்கச்சி. குண்டு இங்க தொங்குதே. விட்டுட்டுப் போறவன் குண்ட எடுத்துட்டுப் போவான்.”

எங்கள் பக்கத்தில், தமிழர் வீடானாலும் சிங்களவர் வீடானாலும், நிலை வைத்த பாஸுடையதுதான் வீட்டு வேலை. இடையில் இன்னொருவர் கைவைக்க வேண்டுமென்றால், வீட்டுக்காரர் வெத்தலைக் கட்டோடு போய் முதல் பாஸிடம் கேட்க வேண்டும். அவர் வெத்தலையை வாங்கினால் வேலையை விட்டுக் கொடுத்தார் என்று அர்த்தம். அப்படி இல்லாமல் தொட்டால் அடுத்த பாஸுக்குத்தான் கெட்ட பெயர். கல்லூரியில் ஒப்பந்த முறிவு பற்றி ஒரு பாடமே படித்தேன். அதில் வெத்தலை வரவில்லை.

“புலத் அதக் தீலா எண்ட” என்று சொன்னார். வெத்தலை கொடுத்துவிட்டு வாருங்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

“ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார் அப்பா.

“எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“எல்லாம் போன்லயே பேசி முடிச்சியே. நம்ம பாஸ்கிட்டயும் போன்லயே பேசியிருப்பன்னு நெனச்சேன்.”

அம்மா வானத்தைப் பார்த்தார். “ரெண்டு பேரும் நல்லா நெனைங்க” என்றார்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக ஆற்றோரத்துக்குப் போனோம். அங்கே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அளவு பார்க்க நான் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன், தலையில் வெள்ளைத் தொப்பியோடு. வாசலில் காவல் நிற்பவர் எழுந்து, “மிஸ்” என்று கதவைத் திறந்தார். எனக்குப் பின்னால் அப்பா, கையில் வெத்தலைக் கட்டு. மேற்பார்வையாளர், சிரிப்பு நிறைந்த ஒரு சிங்கள இளைஞர், கட்டைப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்.

“பாஸ் உன்னஹேகே கசாதயக்த?” பாஸுக்குக் கல்யாணமா?

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாஸ் சிரிக்கவில்லை. சோற்றுப் பார்சலை மூடிவிட்டு, கையைக் கழுவி, எங்கள் பக்கம் வந்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு வெத்தலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அப்பா கட்டை என் கையில் கொடுத்தார். ஆளைத் தேடியது நான் என்பதால் நான்தான் கொடுக்க வேண்டுமாம். இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து நீட்டினேன்.

“மழ வருது மாமா. அம்மா பாவம். வீட்ட விட்டுக் குடுங்க.”

அவர் கையை நீட்டவில்லை.

“நிலைய வச்சது நானு. எம் பொஞ்சாதி வந்து வெளக்கு ஏத்துச்சு. இப்ப இத வாங்குனா லயத்துல என்னா சொல்லுவாங்க? காசக் கண்டதும் கைய விட்டுட்டான்னு சொல்லுவாங்க.”

“அப்ப வந்து கட்டிக் குடுங்க” என்றார் அப்பா.

“இங்க குடுக்குற சம்பளத்த நீங்க குடுப்பீங்களாண்ணே?”

பாஸ் என் பக்கம் திரும்பினார்.

“மிஸ்ஸே சொல்லட்டும். இந்த எடத்துக்கே கணக்கு அவங்கதானே.”

“என்ன மிஸ்னு சொல்லாதீங்க மாமா.”

“கேட்டுக்குள்ள வந்தா மிஸ்ஸு. லயத்துக்கு வந்தா புள்ள.”

பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். காணி கொடுத்தபோது தோட்டப் பதிவில் இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. அவர் வெளியே மேசன் வேலை செய்கிறவர், அவர் மனைவியும் வேலையை விட்டவர், ஆகவே அவர்களுக்கு இல்லை. தோட்டத்துக்கு வெளியே நாட்டுப் பக்கம், பிரதான வீதி வளைவில், ஒரு சிங்களக் குடும்பத்திடம் ஒரு துண்டுக் காணி கேட்டு வைத்திருக்கிறார். அதற்காகத்தான் இந்த வேலை.

“மொதல்ல கேட்டப்ப காணிக்காரரு ஒரு வெல சொன்னாரு. இந்த ரூமெல்லாம் எழும்ப எழும்ப வெலைய ஏத்துறாரு. டூரிஸ்ட் வர்ற ரோடாம். நான் ஒரு செவரு கட்டுனா அந்தக் காணி ஒரு படி ஏறுது. என்னோட கையாலயே ஏத்துறேன் புள்ள.”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் இன்னும் குனிந்தபடிதான் நின்றேன், வெத்தலையோடு.

அந்த இடத்தில் எனக்குப் புதிய யோசனை எதுவும் வரவில்லை. அலுவலகத்தில் செய்வதைத்தான் செய்தேன், பிரித்தேன். எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் வேலை என்ன? சுவரை உயர்த்துவது, அதன்மேல் கம்பி கட்டிக் கொன்கிரீட் வளையம் போடுவது, கூரை. கல் அடுக்குவது கிழமை நாட்களில் நடக்க வேண்டிய வேலை. வளையமும் கூரையும் அப்படியல்ல, சேர்த்து ஒரு சில நாள். இந்த இடம் ஞாயிறும், பௌர்ணமி விடுமுறையான போயாவும் மூடியிருக்கும்.

“நிலைக்கு மேல உள்ளதெல்லாம் நீங்க செய்ங்க மாமா. ஞாயிறும் போயாவும் மட்டும் வாங்க. அந்த நாளுக்கு இங்க குடுக்குற சம்பளத்தையே தர்றோம். அது எங்களால முடியும். கீழ உள்ள செவர மத்த பாஸ் கட்டட்டும்.”

“ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் வர்றதுக்கு நான் என்ன சர்ச் பாதரா?”

“பாதருக்கு நாங்க தேத்தண்ணிதான் குடுப்போம். ஒங்களுக்குக் கோழிக்கறி” என்றார் அப்பா.

பாஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு வெத்தலையை வாங்கினார். வாங்கியதும் நாரை அவிழ்த்துக் கட்டைப் பாதியாகப் பிரித்தார். ஒரு பாதியைத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். மறு பாதியைத் திரும்பவும் நாரால் கட்டி, என் கையில் கொடுத்தார்.

“இத அந்த ருவான்வெல்ல ஆளுகிட்ட குடு. நான் குடுத்ததாச் சொல்லு. கூரையில மட்டும் கை வைக்க வேணாம்னும் சொல்லு.”

இப்படிப் பிரித்துக் கொடுப்பது வழக்கமா என்று அப்பாவிடம் திரும்பி வரும் வழியில் கேட்டேன். தான் பார்த்ததில்லை என்றார். “ஆனா தப்பு ஒன்னும் இல்லையே” என்றும் சொன்னார்.

ருவான்வெல்லை பாஸ் பாதி வெத்தலையை வாங்கி, ஒன்றை எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டார். “தெங் ஹரி” என்றார். இப்போது சரி. அடுத்த நாளே வேலைக்கு வந்தார்.

கடனுக்குள் அடங்குவதற்காக நான் இன்னொன்றையும் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு பாஸுக்கும் இன்றைய கூலி கொடுத்தால் நான்கு அறைக்கும் சுவர் வராது. இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் மட்டும் எழுப்புவது, பூச்சு இல்லை, தரைக்கு டைல்ஸ் இல்லை, சீலிங் இல்லை என்று முடிவு செய்தேன். அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன்.

“அப்ப மத்த ரெண்டு ரூமு?”

“அத்திவாரம் இருக்கும்மா. பெறகு எழுப்பலாம்.”

“கட்டாத ரூம நான் கூட்டணுமா, கூட்ட வேணாமா?”

அப்பா அந்த இரண்டு அறைக்கும் மண் போட்டு மிளகாயும் பூசணியும் நட்டார். யாராவது வந்தால் அம்மா அதைப் பெரிய ஹால் என்று காட்டுகிறார்.

கல் கொண்டு வந்த லொறிக்கு மேட்டில் ஏற முடியவில்லை, பாதையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பால் வெட்டு முடிந்து வந்த எங்கள் லயத்துப் பெண்களும் ஆண்களும் அதை மேலே சுமந்தார்கள். கூலி இல்லை. அவர்கள் கட்டும்போது அப்பாவும் நானும் போக வேண்டும். நான் சுமந்த கற்களைப் பார்த்து, “கக்கத்துக்குள்ள பொத்தகம் தூக்குற மாதிரியே தூக்குறா பாரு” என்று ஒரு அக்கா கேலி செய்தார்.

இரண்டு பாஸும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. கிழமை நாளில் ஒருவர், ஞாயிறில் ஒருவர். ஆனாலும் பேசிக்கொண்டார்கள், அம்மா வழியாக. எங்கள் பாஸ் நிலைக்கு மேல் வைத்த கொன்கிரீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, அவசரத்துல போட்டிருக்காரு” என்று ருவான்வெல்லை பாஸ் சொல்வார். ஞாயிறன்று அம்மா அதைக் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்து எங்கள் பாஸிடம் சொல்வார். இவர் சுவரைத் தடவி, “சாந்தா இது, பாயாசமா?” என்பார். அது திங்கட்கிழமை சிங்களத்தில் அவருக்குப் போகும். அதன் விளைவு, எங்கள் வீட்டுச் சுவர்கள் மிக நேராக நிற்கின்றன. ஒரு நாள் அம்மாவிடம், ஏன் இப்படிக் கோள் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நீ சம்பளத்தால வேல வாங்குற. என்கிட்ட என்னா இருக்கு?”

சுவர் முடிந்தது. வளையம் ஒரு போயாவில் போட்டோம். மரமும் தகரமும் வந்தன. ஒரு ஞாயிறு முன்பக்கக் கூரை ஏறியது. பின்பக்கம் அடுத்த ஞாயிறு என்று பேச்சு. அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் மழை பிடித்தது.

முதலில் தூறல். பிறகு கனத்தது. மதியத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது, லயத்தை விட்டுப் போகச் சொல்லி. பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது. அம்மா அரிசி, சட்டி, சாமிப் படம் எல்லாவற்றையும் எடுத்தார். பாதைக்கு வந்ததும் கூட்டம் கீழே பாடசாலைப் பக்கம் திரும்பியது. அம்மா மேலே திரும்பினார்.

“பாதிக் கூரைதான்மா இருக்கு” என்றேன்.

“பாதியில நான் இருப்பேன். மீதியில மழ இருக்கட்டும்.”

நாங்களும் பின்னால் ஏறினோம். வீட்டின் பின்பக்க அறையில் ஏற்கனவே தண்ணீர் நின்றது. அப்பாவும் நானும் ஒரு தார்ப்பாய்ப் படங்கைக் கட்டப் பார்த்தோம். காற்று அதைப் பிடுங்கியது. இந்த மழைக்கு இப்படியே இருந்தால் மாலைக்குள் அம்மாவும் கீழே போகத்தான் வேண்டும். அவரோ காய்ந்த மூலையில் அடுப்புக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஸ்டோர் பக்கத்தில் ஓட்டோச் சத்தம் கேட்டது. பாஸ் இறங்கினார். கூட அவருடைய ஆட்கள் இரண்டு பேர், ஆற்றோரத்து வேலைச் சட்டையோடேயே.

“என்ன மாமா, இன்னைக்குச் சனிக்கிழமை.”

“மழ பேஞ்சா அங்க வேல நிப்பாட்டிருவாங்க. வேல இல்லன்னா சம்பளம் இல்ல. கொழம்பாவது கெடைக்கும்னு இங்க வந்தேன்.”

மழை கொஞ்சம் விட்ட இடைவெளியில் ஏறினார்கள். நானும் அப்பாவும் தகரத்தைக் கீழிருந்து கொடுத்தோம். இரண்டு முறை இறங்கி ஒதுங்கினார்கள், இரண்டு முறை திரும்ப ஏறினார்கள். கடைசித் தகரத்துக்கு ஆணி அறையும்போது மழை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. பாஸ் இறங்கி, தலையைத் துவட்டிக்கொண்டு, உள்ளே நின்று மேலே பார்த்தார். இரண்டு இடத்தில் சொட்டியது. அம்மா ஒன்றுக்கு வாளியும் மற்றதுக்குச் சட்டியும் வைத்தார். தகரத்தின்மேல் அடித்த சத்தத்தில் யாரும் பேசுவது கேட்கவில்லை.

“ஒங்க பொஞ்சாதி புள்ளைங்கள எங்க?” என்று அம்மா கத்திக் கேட்டார்.

“ஸ்கூலுக்குப் போயிட்டாங்க.”

“போய்க் கூட்டிட்டு வாங்க. ஓட்டோ எதுக்கு இருக்கு?”

பொழுது சாயும்போது இரண்டு அறையில் மூன்று குடும்பம் இருந்தது: எங்களுடையது, பாஸுடையது, அவர் ஆட்களில் ஒருவருடையது. பாஸின் மனைவி வாசலைத் தாண்டும்போது நிலையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தார். கோழி என்று சொன்ன அப்பாவைப் பாஸ் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அன்று செய்ய வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பூச்சில்லாத கல் முதுகில் குத்தியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

இப்போது நிலைமை இதுதான். மேடு அந்த மழைக்குச் சரியவில்லை. நாங்கள் லயத்துக்குத் திரும்பவும் இல்லை. இரண்டு அறைக்கும் குசினிக்கும் கூரை இருக்கிறது, பூச்சு இல்லை. முன்வாசலுக்குக் கதவு போட்டாகிவிட்டது, பின்வாசலுக்குத் தகரம். மின்சாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கடன் என் சம்பளத்திலிருந்து போகிறது. இன்னும் சில வருடம் போகும். ஆற்றோர விடுதிகள் முடியும் தறுவாயில் இருக்கின்றன, முதலாளியின் கணக்கை நான் பிரித்து ஒப்படைத்துவிட்டேன். ருவான்வெல்லை பாஸுக்குத் தெரணியகலையில் ஒரு வீட்டு வேலை. எங்கள் பாஸ் வளைவில் இருந்த காணியை விட்டுவிட்டு, உள்ளே தள்ளி, டூரிஸ்ட் போகாத பாதையில் வேறொன்றுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டுக்கான அளவுகளை நான் போட்டுக் கொடுத்தேன். அத்திவாரம் இன்னும் வெட்டவில்லை.